ஜித்தாவில் ஒரு கிலோமீட்டர் கோபுரம்: ஆறு நாள் குறிப்புகள்

நாள் 1: ஒப்ஹுர்

உம்ராவுக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் ஜித்தா விமான நிலையத்தில் இறங்கியதும் மக்காவை நோக்கிக் கிழக்கே போய்விடுவார்கள். நாங்கள் பார்க்க வந்த கட்டடம் வடக்கே, செங்கடலிலிருந்து உள்ளே நுழையும் ஒப்ஹுர் உப்பங்கழிக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஊபர், கரீம் செயலி டாக்சிகள் ஜித்தாவில் தாராளமாகக் கிடைக்கின்றன. நெரிசல் இல்லாவிட்டால் அரைமணி நேரத்தில் கழியின் கரைக்குப் போய்விடலாம். சைட்டுக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. வேலியருகே நின்று படம் எடுத்தாலும் காவலர்கள் வந்து கேட்பார்கள். கழியின் கரைச் சாலையில் நின்று பார்ப்பதே நல்லது. இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள அந்தத் தூரமும் தேவை.

2011 ஆகஸ்டில் அறிவித்தபோது இதன் பெயர் கிங்டம் டவர். இப்போது ஜித்தா டவர். திட்டமிட்ட உயரம் 1,000 மீட்டருக்கு மேல். வடிவமைத்தவர்கள் சிகாகோவின் ஏட்ரியன் ஸ்மித் + கார்டன் கில் நிறுவனம். துபாயின் புர்ஜ் கலீஃபாவை, முன்பு வேறு நிறுவனத்தில் இருந்தபோது வரைந்தவரும் இதே ஸ்மித்தான். கட்டமைப்புக் கணக்கு தார்ன்டன் டோமாசெட்டி நிறுவனம். வேலை 2013 ஏப்ரலில் தொடங்கியது. 2018 ஜனவரியில் ஏறக்குறைய 63 தளத்தில் நின்றது. ஏழு ஆண்டு கழித்து 2025 ஜனவரியில் 64-ஆம் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றி மறுபடி தொடங்கினார்கள். முடிப்பதற்கான இலக்கு 2028.

கரையில் நிற்கிறவர் முதலில் கேட்பது, இப்போது எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்பதுதான். யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. போனில் சாய்வுமானி செயலியைத் திறந்து, போனின் நீண்ட விளிம்பை வைத்து உச்சியைக் குறிபார்த்துக் கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்துக்கும் கட்டடத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை வரைபடச் செயலியில் அளந்துகொள்ளுங்கள். தூரத்தைக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கி, உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் கட்டடத்தின் உயரம். 2 கிலோமீட்டர் தூரத்தில் கோணம் எட்டரை டிகிரி வந்தால் கட்டடம் சுமார் 300 மீட்டர். முழு ஆயிரம் மீட்டரும் எழும்பிய பிறகு அதே இடத்திலிருந்து கோணம் இருபத்தாறரை டிகிரி வரும்.

தவறு வருவதும் கோணத்தில்தான். அந்தத் தூரத்தில் அரை டிகிரி பிசகினால் விடை 18 மீட்டர் மாறும், அதாவது நான்கரை மாடி. பத்து முறை எடுத்துச் சராசரி போடுங்கள். இன்னொரு பிழையும் வழக்கமாக நடக்கிறது: கிரேனின் உச்சியைக் கட்டடத்தின் உச்சி என்று நினைத்துக் குறிபார்த்துவிடுவது. கான்கிரீட் சுவர் முடியும் இடத்துக்கு மேலே ஏறும் ஷட்டரிங் கூண்டு, அதாவது கான்கிரீட் வார்க்கும் அச்சு, நிற்கும், அதற்கும் மேலே கிரேன். கூண்டின் அடிவிளிம்பைப் பிடித்தால்தான் உண்மையான உயரம் கிடைக்கும்.

கண்ணுக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் நகரத்திலேயே இரண்டு இருக்கின்றன. 2014-இல் நிறுத்திய கொடிமரம் 171 மீட்டர். கடற்கரையிலுள்ள மன்னர் ஃபஹ்த் நீரூற்று சுமார் 260 மீட்டர் பீய்ச்சும். வேலை நின்ற ஏழு ஆண்டும் இந்தக் கட்டடம் ஏறக்குறைய அந்த நீரூற்றின் உயரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அந்த நீரை அப்படியே மேலே மேலே நான்கு முறை அடுக்கிப் பாருங்கள், 1,000 மீட்டர் என்பது என்ன என்று தெரியும்.

நாள் 2: அல்-பலத் முதல் பைல் வரை

இன்று காலை பழைய ஜித்தாவான அல்-பலத். கோபுரத்தைப் பார்க்க வந்துவிட்டுப் பழைய தெருவில் என்ன வேலை என்று தோன்றலாம். கோபுரத்தின் அடியில் உள்ள மண்ணைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. இங்குள்ள வீடுகள் கடலோரத்தில் வெட்டியெடுத்த பவளக்கல்லால் கட்டியவை. 2014-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பூச்சு உதிர்ந்த சுவர் ஒன்றின் அருகே போய்ப் பாருங்கள். கல் முழுக்கச் சின்னச் சின்னத் துளை, சிலவற்றில் பவளத்தின் கதிர் அமைப்பு அப்படியே தெரியும். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். தரையிலிருந்து இடுப்பளவு வரை கல் அரித்துப்போய் உள்வாங்கியிருக்கும். உப்புத் தண்ணீர் துளைகள் வழியே ஏறி, காய்ந்து, உப்பு படிகமாகும்போது கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது. அந்தக் காலத்துக் கொத்தனார்களுக்கு இந்தக் கல்லின் பலவீனம் தெரிந்திருந்தது. அதனால்தான் சில அடிக்கு ஒருமுறை சுவரின் குறுக்கே மரச்சட்டங்களைப் படுக்கவைத்துக் கட்டினார்கள். சுமை ஒரே இடத்தில் குவியாமல் பரவ அது உதவியது. நசீஃப் மாளிகையின் வாசலில் நிற்கும் மரத்தைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு அடையாளம் தெரியும், வேப்பமரம்.

இதே வகைப் பவளச் சுண்ணாம்புப் பாறைதான் ஒப்ஹுரில் கோபுரத்தின் அடியிலும் இருக்கிறது. நல்ல கருங்கல் பாறையில் நிற்கும் கட்டடங்களுக்கு வாய்த்த வசதி இதற்கு இல்லை. இந்தத் திட்டம் முதலில் பேசப்பட்டபோது 1.6 கிலோமீட்டர், அதாவது ஒரு மைல் உயரம் என்றுதான் பேச்சு. மண் சோதனைக்குப் பிறகு அந்த உயரம் இந்த நிலத்துக்கு ஏற்றதல்ல என்று குறைத்தார்கள். உயரத்துக்கு முதல் கையெழுத்து மண்ணுடையது என்பது எங்கள் கருத்து. படத்தில் யாரும் எத்தனை மீட்டரும் வரையலாம், பூமிக்குள் போன துளைக்கருவி மேலே கொண்டுவரும் கல்தான் எண்ணைச் சொல்கிறது.

எனவே அஸ்திவாரம். மொத்தம் 270 பைல்கள், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண்கள், 1.5 மீட்டர், 1.8 மீட்டர் என இரண்டு விட்டத்தில். மிக ஆழமானவை 105 மீட்டர் அளவுக்கு இறங்குகின்றன. வேலையைச் செய்தது ஜெர்மனியின் பாவர் நிறுவனம். புர்ஜ் கலீஃபாவின் 192 பைல்கள் சுமார் 43 மீட்டர் நீளம்தான் என்பதை வைத்து இதை எடைபோடலாம். பைல்களுக்கு மேலே, எல்லாவற்றையும் சேர்த்து மூடும் கான்கிரீட் பலகையாக, 4.5 முதல் 5 மீட்டர் கனமுள்ள ராஃப்ட். துபாயில் அது 3.7 மீட்டர்.

பைல் கீழே ஏதோ கடும்பாறையில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. 1.5 மீட்டர் விட்டமும் 105 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு பைலின் அடிப்பாகம் வெறும் 1.77 சதுர மீட்டர். அதன் பக்கவாட்டுச் சுற்றுப்பரப்பு 495 சதுர மீட்டர். சுமையைத் தாங்குவது அந்தப் பக்கப்பரப்புக்கும் மண்ணுக்கும் உள்ள உராய்வு. ஈர மணலில் ஆழமாக ஊன்றிய கழியைப் பிடுங்க முடியாமல் தவிப்போமே, அதே பிடிமானம்தான், திசை மட்டும் கீழ்நோக்கி.

அப்படியென்றால் துளையின் பக்கச்சுவர் சுத்தமாக இருக்க வேண்டும். துளை இடிந்துவிடாமல் இருக்க உள்ளே பென்டோனைட் என்ற களிமண் அல்லது பாலிமர் கரைசல் நிரப்பித்தான் தோண்டுவார்கள். தோண்டி முடித்த துளையை அதிக நேரம் சும்மா விட்டால் பென்டோனைட் சுவரில் களிம்புபோல் படிந்துவிடும். கான்கிரீட்டுக்கும் பாறைக்கும் நடுவே எண்ணெய் தடவியதுபோல் ஆகி உராய்வு குறையும். அடுத்து கம்பிக்கூடு. 105 மீட்டர் கூட்டை ஒரே தூக்கில் இறக்க முடியாது. துண்டு துண்டாகத் தூக்கி, துளையின் வாயிலேயே ஒன்றோடொன்று கோத்துக் கோத்து இறக்க வேண்டும். இறங்கியதும் குழாய் வழியே அடியிலிருந்து மேலாகக் கான்கிரீட் நிரம்பி வர வேண்டும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் சில மீட்டர் புதைந்தே இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒருமுறை வெளியே இழுத்துவிட்டால் கரைசல் நடுவே புகுந்து பைல் இரண்டு துண்டாகிவிடும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் கூட்டோடு சேர்த்துக் குழாய்களைப் பதித்து, இறுகியபின் அவற்றில் ஒலி அலைக் கருவியை இறக்கிச் சோதிக்கிறார்கள். ஒரு பைலுக்கு மட்டும் 185 கன மீட்டர் கான்கிரீட், அதாவது 8 கன மீட்டர் மிக்சர் லாரி 23. இடையில் ஒரு லாரி நெரிசலில் மாட்டினாலும் பைலுக்கு ஆபத்து.

தூக்கும், அதாவது துளை செங்குத்தாக இறங்குவதும், முக்கியம். நூற்றுக்கு ஒன்று சாய்வு என்பது காதால் கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். 105 மீட்டர் அடியில் அது ஒரு மீட்டருக்கு மேல் விலகல், பக்கத்துப் பைலை நெருங்கிவிடும்.

நாள் 3: காற்று

இன்று காற்று சற்று பலமாக இருந்தது, எனவே அதைப் பற்றி.

கோபுரத்தின் வெட்டுமுகம் மூன்று இதழ். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து மூன்று இறகுகள். மண்ணிலிருந்து முளைத்து வரும் இளங்குருத்தின் மடிப்பைப் பார்த்து வந்த யோசனை என்று வடிவமைப்பாளர்கள் சொல்கிறார்கள். பேரீச்சையின் நடுக்குருத்து விரியும் முன் எப்படிக் கூம்பி நிற்குமோ அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று இதழ் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. மூன்று கால் உள்ள முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, ஒரு பக்கம் தள்ளினால் மற்ற இரண்டு காலும் முட்டுக்கொடுக்கும். உள்ளே தனித் தூண்கள் கிடையாது. எல்லாம் சுவர்கள், ஒன்றோடொன்று கட்டுண்ட சுவர்கள். அறைக்கும் அறைக்கும் நடுவே வரும் தடுப்புச் சுவரே சுமை தாங்குகிறது.

காற்று உயரமான கட்டடத்தை நேராகத் தள்ளிச் சாய்ப்பதைவிடப் பக்கவாட்டில் ஆட்டுவதுதான் பெரிய தொல்லை. காற்று கட்டடத்தின் இரு விளிம்பிலும் பிரிந்து போகும்போது பின்னால் சுழல்கள் உருவாகும், இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாறி மாறி. ஒவ்வொரு சுழலும் பிரியும்போது கட்டடத்தைத் தன் பக்கம் லேசாக இழுக்கும். இழுப்பின் தாளமும் கட்டடம் இயல்பாக ஆடும் தாளமும் ஒன்றாகிவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். தோராயக் கணக்கு: 50 மீட்டர் அகலக் கட்டடம், விநாடிக்கு 45 மீட்டர் காற்று என்றால் ஏறக்குறைய 9 விநாடிக்கு ஒரு முழுச் சுற்று. புர்ஜ் கலீஃபாவின் இயல்பு ஆட்டம் ஒருமுறை போய்வர 11 விநாடிக்குச் சற்று மேல். இரண்டு எண்ணும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள்.

தப்பிக்கும் வழி, அகலத்தை மாற்றிக்கொண்டே போவது. சுழலின் தாளம் அகலத்தைப் பொறுத்தது. கீழே அகலம், மேலே குறுகல் என்றால் ஒவ்வொரு உயரத்திலும் சுழல் வேறு தாளத்தில் பிரியும், எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இழுக்காது. துபாயில் இதைப் படிக்கட்டுபோல் இறகுகளை வெட்டி வெட்டிச் செய்தார்கள். ஜித்தாவில் வெட்டு இல்லை, மூன்று இறகுகளும் வழவழவென்று சாய்ந்து மேலேறுகின்றன. மூன்றும் வெவ்வேறு சரிவு, வெவ்வேறு உயரத்தில் முடிகின்றன. கழிக்கரையில் நின்று பார்ப்பதைவிட வண்டியில் கட்டடத்தைச் சுற்றி வந்தால் இந்தச் சமச்சீரின்மை நன்றாகத் தெரியும்.

எங்கள் பார்வையில் இந்தச் சரிவு படிக்கட்டு முறையைவிட அழகு, கட்டுவதற்குக் கடினம். படிக்கட்டு முறையில் ஒரு தளத்தின் ஷட்டரிங் அப்படியே அடுத்த தளத்துக்கும் பொருந்தும், வெட்டு வரும் இடத்தில் மட்டும் மாற்றினால் போதும். இங்கே ஒவ்வொரு தளமும் முந்தையதைவிடச் சில சென்டிமீட்டர் குறுகல். தளத்தின் விளிம்பு, கண்ணாடியைப் பிடிக்கும் கொக்கி, அறையின் நீளம் எல்லாமே தளத்துக்குத் தளம் மாறும். குறித்த அளவு ஒரு தளத்தில் தவறினால் அதைக் கண்ணாடி பொருத்துகிறவர்தான் மாதங்கள் கழித்துக் கண்டுபிடிப்பார்.

சுவர் நெடுக ஆங்காங்கே உள்வாங்கிய பள்ளங்கள் தெரியும். அவை வெயிலுக்கு நிழல் தரும் திறந்தவெளி மாடங்கள்.

நாள் 4: கான்கிரீட்

இரவு ஒன்பதுக்கு மேல் கரைச் சாலைக்குப் போங்கள். பகலைவிட அப்போதுதான் பார்க்க நிறைய இருக்கும். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை செய்யத் தடை உண்டு. தடை இல்லாவிட்டாலும் இந்த வெக்கையில் பகலில் கான்கிரீட் ஊற்றுவது அறிவில்லாத காரியம். கலவை சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகும், குழாயில் அடைக்கும், வெடிப்பு விடும். கலவைத் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பனிக்கட்டித் துகளைப் போடுவார்கள். ஜல்லியை நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பார்கள். சூட்டை இறக்க ஜல்லியைக் குளிர்விப்பது மிகவும் பயன் தரும், கலவையின் எடையில் பெரும்பங்கு அதுதானே.

ராஃப்ட் போன்ற கனமான வார்ப்பில் இன்னொரு சூடும் சேரும். சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது தானே வெப்பம் விடும். 5 மீட்டர் கனத்தின் நடுவிலிருந்து அது வெளியேற நாள்கணக்காகும். நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் பல மாதங்கள் கழித்து உள்ளே ஒரு உப்பு வளர்ந்து கான்கிரீட்டைப் பிளக்கும். நடுவுக்கும் மேற்பரப்புக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசமும் கூடாது. அதனால் வெயில் காலத்திலும் மேற்பரப்பைப் போர்வை போட்டு மூடுவார்கள். பார்க்கிறவருக்கு விசித்திரமாக இருக்கும்: குளிர்விக்க வேண்டிய பொருளுக்கு ஏன் போர்வை? மேல்தோல் மட்டும் குளிர்ந்து சுருங்கிவிடாமல் இருக்கத்தான்.

இனி பம்ப். கான்கிரீட்டை வாளியில் கிரேன் கட்டித் தூக்கினால் வேலை முடியாது, குழாயில் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். 600 மீட்டர் உயரக் கான்கிரீட் நிரலின் சொந்த எடை மட்டும் சுமார் 140 பார் அழுத்தம். அதற்கு மேல் குழாய்ச் சுவரின் உராய்வு. புர்ஜ் கலீஃபாவில் 606 மீட்டருக்குப் புட்ஸ்மைஸ்டர் பம்ப் கொண்டு ஏற்றியது அன்று உலகச் சாதனை. ஜித்தாவில் அதையும் தாண்டி ஏற்ற வேண்டும். 150 மில்லிமீட்டர் குழாயில், படுக்கைப் பகுதியையும் சேர்த்து 700 மீட்டர் என்று வைத்தால், குழாய்க்குள் எப்போதும் 12 கன மீட்டருக்கு மேல் கான்கிரீட் இருக்கும். மணிக்கு 30 கன மீட்டர் வீதம் ஏற்றினால் கீழே கொட்டிய கலவை மேலே வந்து சேர 25 நிமிடம். அந்த 25 நிமிடமும் அது தயிர்போல் ஓடும் பதத்திலேயே இருக்க வேண்டும், மேலே போய்ச் சுவருக்குள் விழுந்தபின் இறுக வேண்டும். அதற்கான ரசாயனத்தை வெப்பநிலை பார்த்து இரவுக்கு இரவு மாற்றுவார்கள். உயரம் கூடக்கூட ஜல்லியின் அளவைக் குறைப்பார்கள், பொடி ஜல்லி குழாயில் பூட்டிக்கொள்ளாது.

அடைப்பு எங்கே வரும்? பெரும்பாலும் வளைவிலும், குழாய்கள் சேரும் இணைப்பிலும். இணைப்பின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் சிமென்ட் பால் கசிந்துவிடும். பால் போனதும் ஜல்லி மட்டும் தங்கி இறுகும். அழுத்தத்தைக் குறைக்காமல் அந்த இணைப்பைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து. முதலில் பம்பைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும், அதன் பிறகுதான் பிடிப்பான்மேல் கை வைக்க வேண்டும்.

சுவர் ஏறும் விதம்: ஷட்டரிங் தானே ஹைட்ராலிக் ஜாக்கிகளால் ஒரு தளம் மேலேறும். கம்பிக்கூடுகளைக் கீழேயே கட்டித் தயாராக வைத்துக் கிரேனில் தூக்குவார்கள். சுவர், அதன் பின்னால் தளம், என்று நான்கு நாளைக்கு ஒரு மாடி என்பது இங்கே வைத்திருக்கும் இலக்கு. வேலை மறுபடி தொடங்கியபோது மீதமிருந்த நூற்றுச் சொச்சம் தளங்களுக்கு அது 420 நாள் அளவில் வரும். ஆனால் கிரேன் காற்றில் நிற்கும் நாள், புழுதிப்புயல் நாள், குழாய் அடைத்த இரவு எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. மேலே போகப்போக ஒவ்வொரு கிரேன் தூக்கும் நீளும். ஒப்பந்தத்தில் 42 மாதம் கொடுத்திருப்பதன் நியாயம் புரிகிறது.

தூக்கு பார்ப்பது, அதாவது கட்டடம் செங்குத்தாக ஏறுகிறதா என்று அளப்பது, தனி வித்தை. காலையில் வெயில் கிழக்கு முகத்தில் பட்டதும் அந்தப் பக்கம் விரிந்து உச்சி மேற்கே சாயும், மாலையில் எதிர்ப்பக்கம். தூக்குக்குண்டோ லேசரோ, நிற்கும் கட்டடமே நகர்ந்தால் எதை வைத்து அளப்பது? உச்சியில் ஜிபிஎஸ் கருவிகளும், இடையிடையே சாய்வு அளக்கும் கருவிகளும் வைத்து, அந்த நேரத்துச் சாய்வு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் அடுத்த தளத்தைக் குறிப்பார்கள். விடியற்காலையில் அளப்பது நல்லது.

கட்டடம் குட்டையாவதும் உண்டு. சுமை ஏற ஏறக் கான்கிரீட் அமுங்கும், காய்ந்து சுருங்கும், ஆண்டுக்கணக்கில் மெல்ல இளகியும் இறங்கும். ஆயிரத்தில் 0.8 பங்கு என்று ஒரு கணக்குக்கு வைத்தால் 4 மீட்டர் மாடிக்கு 3 மில்லிமீட்டர் சொச்சம். 160 மாடிக்கு அரை மீட்டர். இதைத் தெரிந்தே ஒவ்வொரு மாடியையும் சில மில்லிமீட்டர் உயர்த்திக் கட்டுவார்கள். ஒரு சுவர் அதிகமாகவும் பக்கத்துச் சுவர் குறைவாகவும் அமுங்கினால்தான் வம்பு: தரை சாயும், கண்ணாடிச் சட்டங்கள் நெரியும், தண்ணீர்க் குழாயின் வளைவு உடையும், லிஃப்ட் தண்டவாளம் வளையும். எல்லாச் சுவரிலும் ஏறக்குறைய ஒரே அளவு அழுத்தம் வரும்படி அமைப்பது இதற்காகவே.

ஏழு ஆண்டு நின்ற கட்டடத்தில் மறுபடி வேலை தொடங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அடுத்த தளத்தோடு இணைப்பதற்காக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்டர் கம்பிகளை. கடற்காற்றின் உப்பு கம்பியில் புள்ளி புள்ளியாகக் குழி போடும். மேலோட்டத் துரு என்றால் தேய்த்து எடுத்துவிடலாம், குழி விழுந்திருந்தால் கம்பியின் தடிமனை அளந்து, குறைந்திருந்தால் பழைய கான்கிரீட்டை உடைத்துப் புதுக் கம்பி கோக்க வேண்டும். சுவரில் துளையிட்டு மாதிரி எடுத்து, உப்பு எவ்வளவு ஆழம் உள்ளே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு பழைய 63 தளத்தின் தூக்கையும் மட்டத்தையும் முழுக்கப் புதிதாக அளக்க வேண்டும். நின்ற காலத்தில் கான்கிரீட்டின் சுருக்கம் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும், மேலே வரும் புதுக் கான்கிரீட்டுக்கு இனிமேல்தான் தொடங்கும். அமுங்கல் கணக்கை அந்த வேறுபாட்டோடு மறுபடி போட வேண்டும்.

நாள் 5: உள்ளே ஏறி இறங்குவது

இன்று ஓய்வு நாள், சுருக்கமாக.

ஆட்கள் ஏறமுடியாத உயரத்துக்குப் பயன் இல்லை, லிஃப்ட் கயிறுதான் அதற்கு எல்லை வைக்கிறது. எஃகுக் கயிறு ஏறக்குறைய 500 மீட்டரோடு திணறிவிடும். மீட்டருக்கு 1.3 கிலோ எடையுள்ள கயிறு பத்து, 600 மீட்டர் தொங்கினால் கயிறு மட்டும் 7.8 டன். அது தூக்கப்போகும் ஆட்களோ இரண்டு டன்கூட இல்லை. கயிறு தன்னைத் தானே சுமப்பதிலேயே பலம் போய்விடுகிறது. ஜித்தாவுக்குத் தேர்ந்தெடுத்தது கோனே நிறுவனத்தின் அல்ட்ராரோப், கார்பன் இழையை நடுவில் வைத்து மேலே உராய்வுப் பூச்சு பூசிய பட்டை. 660 மீட்டர் ஒரே ஓட்டம், விநாடிக்கு 10 மீட்டருக்கு மேல் வேகம் என்பது திட்டம். எடை குறைவு என்பது ஒரு நன்மை, காற்றில் கட்டடம் ஆடும் தாளத்தோடு சேர்ந்து கயிறு ஆடாது என்பது இன்னொன்று. எஃகுக் கயிறு அப்படி ஆடிச் சுவரில் அடிக்கும் என்பதால்தான் காற்று நாளில் உயர லிஃப்டுகளை மெதுவாக்குகிறார்கள்.

அதிகம் பேசப்படாத தொல்லை கதவுகள். வெளியே 40 டிகிரி, உள்ளே 24 என்றால் உள்ளிருக்கும் குளிர்காற்று கனம். லிஃப்ட் குழி வழியே கீழே இறங்கித் தரைத்தளக் கதவைப் பிதுக்கும், உச்சியில் வெளிக்காற்றை உறிஞ்சும். 650 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஏறக்குறைய 190 பாஸ்கல் வீதம் அழுத்த வித்தியாசம். சாதாரண அளவு கதவொன்றின்மேல் அது 37 கிலோ தள்ளு. வயதானவரால் அந்தக் கதவைத் திறக்க முடியாது, லிஃப்ட் கதவு மூடாமல் திரும்பத் திரும்பத் திறக்கும். சுழல் கதவு, இரட்டைக் கதவு அறை, லிஃப்ட் குழிகளைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, இவைதான் மருந்து.

நாள் 6: துபாய், முடிந்த கட்டடத்தில்

ஜித்தாவிலிருந்து மூன்று மணி நேரப் பறத்தல். துபாய் மெட்ரோ சிவப்பு வழியில் புர்ஜ் கலீஃபா நிறுத்தம், அங்கிருந்து துபாய் மாலுக்குக் குளிரூட்டிய நடைபாலம், நீண்ட நடை. 124-ஆம் தளம் 452 மீட்டர், 148-ஆம் தளம் 555. நுழைவுச்சீட்டு இணையத்தில் நேரம் குறித்து வாங்குவதே நல்லது. 124-க்கு லிஃப்ட் ஒரு நிமிடம்தான், காது இருமுறை அடைக்கும்.

அளந்து பார்க்க வேண்டியது எவ்வளவு உயரம் என்பதை மட்டுமல்ல, எதை உயரம் என்கிறார்கள் என்பதையும். உயர்ந்த கட்டடங்களுக்கான சர்வதேச மன்றம் மூன்று அளவு வைத்திருக்கிறது: கட்டடக்கலை உச்சி, ஆட்கள் புழங்கும் கடைசித் தளம், ஆன்டெனா உட்பட நுனி. கூர்முனை வடிவமைப்பின் பகுதி என்றால் கணக்கில் சேரும், ஆன்டெனா சேராது. புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டரில் 244 மீட்டர் யாரும் வசிக்காத பகுதி. 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கூர்முனையின் நடுக்குழாயைக் கட்டடத்துக்கு உள்ளேயே கட்டி, ஹைட்ராலிக் ஜாக்கியால் மேலே தள்ளி வெளிக்கொணர்ந்தார்கள். அந்த உயரத்தில் வெளியிலிருந்து தூக்கக் கிரேன் கிடையாது. ஜித்தாவிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கூர்முனையாகத்தான் வரப்போகிறது. அதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நமக்குக் கோபுரக் கலசம் பழக்கமானது, கூம்பி முடியாத கோபுரம் முழுமையாகத் தோன்றாது. ஆனாலும் 1,000 என்ற எண்ணைக் கேட்கும்போது, கால் வைக்கக்கூடிய உயரம் எவ்வளவு என்று கூடவே கேட்பதுதான் சரி.

மாலை நுழைவுச்சீட்டு வாங்கினால் ஒன்றைக் கண்ணால் பார்க்கலாம். தரையில் சூரியன் மறைந்த பிறகும் மேலே தெரிந்துகொண்டிருக்கும். இதனால் ரமலானில் நோன்பு திறக்கும் நேரமே மாறும். 80-ஆம் தளத்துக்கு மேல் வசிப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150-க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் தாமதித்துத் திறக்க வேண்டும் என்று 2011-இல் துபாயின் மூத்த மார்க்க அறிஞர் அறிவித்தார். ஜித்தாவில் 157-ஆம் தளத்தில் 30 மீட்டர் அகலத்தில் வரவிருக்கும் திறந்தவெளி மேடைக்கு 650 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தோம். தரையில் மஃரிப் பாங்கு ஒலித்த பின்னும் அங்கே மூன்றரை நிமிடம் சூரியன் தெரியும்.